அந்த நோட்டில் அம்மாவின் வரி எங்கே?

கேள்வி:

எனக்கு 44 வயது. ஆறு வருடமாக ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். ஒரு விடுமுறைக்கு மூன்று பயணமாவது இருக்கும். நான், மனைவி, 14 வயது மகள், 8 வயது மகன், என் அப்பா. எங்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. விடியற்காலை 4 மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். முதல் ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. படுக்கும் முன் அப்பா ஒரு கதை சொல்வார். கடைசி நாளில் ஒரு பழைய நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

அப்பாவுக்கு மூட்டுவலி. இரண்டு வருடமாக வருவதில்லை. போன வருடக் கடைசிப் பயணத்தில் இரண்டு நாள் விடாத மழை. அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துத்தான் சமைத்தோம். திரும்பும்போது ஈரக் கூடாரத்தை அப்படியே சுருட்டிப் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டினேன். நோட்டில் மகள் எழுதிய வரி: 'டென்ட் ஒழுகியது. நான் தூங்கவே இல்லை.' பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மனைவி எழுதவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் மகள், "நீங்க போங்க, நான் வரல" என்கிறாள். மனைவி, "எனக்கு அது லீவு இல்ல, அடுப்படியைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போறது, அவ்வளவுதான்" என்கிறாள். மகனோ எல்லாம் போன வருடம் மாதிரியே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பார்த்துப் பார்த்து உருவாக்கிய பாரம்பரியம் கண்முன்னே கலைகிறது. எப்படிக் காப்பாற்றுவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அடுப்பு. கூடாரத்துக்குள் வைத்துச் சமைத்தோம் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கேஸ் அடுப்போ கரி அடுப்போ, மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூங்குகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. அணைந்த மாதிரித் தெரியும் கரியும் இதே வேலையைச் செய்யும், அதனால் குளிருக்காக நெருப்புச் சட்டியை உள்ளே வைப்பதும் கூடாது. கூடாரத் துணி சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பது வேறு. மழை பெய்தால் நான்கு பக்கமும் திறந்த தார்ப்பாயின் கீழ் சமையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அன்றைக்குச் சமைக்காதீர்கள். நான் குடும்ப ஆலோசகர்தான், தீயணைப்புத் துறை இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

சரி, உங்கள் கேள்வி. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது வேறொரு வரியில் நின்றுவிட்டேன். 'மனைவி எழுதவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.' போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகள் எழுதிய வரி உங்களுக்கு வலித்தது, மனைவி எழுதாத வரி வலிக்கவில்லை. அந்த நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஆறு வருடத்தில் அவர் கையெழுத்து எத்தனை பக்கத்தில் இருக்கிறது? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போது ஞாபகம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

குடும்ப வழக்கங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று அன்றாட நடைமுறை: 'இந்த வேலை ஆக வேண்டும்' என்பதோடு அது முடிந்துவிடும். இன்னொன்று சடங்கு: 'நாம் இப்படிப்பட்டவர்கள்' என்று அது சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒரே சாப்பாட்டு வேளை ஒருவருக்குச் சடங்கு, இன்னொருவருக்கு வேலை. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். உங்களுக்கு இந்தப் பயணம் முழுக்கச் சடங்கு. உங்கள் மனைவிக்கு அதே பயணம் முழுக்க நடைமுறை. மகள் வளர வளர அம்மா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறாள். பாரம்பரியம் கலைவதாக நினைக்கிறீர்கள். அது இதுவரை உங்கள் ஒருவருடைய பாரம்பரியமாகத்தான் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

'நானும் சும்மா இல்லையே, பத்து மணி நேரம் ஓட்டினேன்' என்று சொல்வீர்கள். உண்மைதான். ஓட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான்காகப் பிரித்தார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது. அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது. முடிவெடுப்பது. முடிவு செய்தபடி நடந்ததா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளிடம் முடிவெடுப்பது மட்டும் பெரும்பாலும் இருவருமாகச் சேர்ந்து நடந்தது. முதலும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருந்தன.

இதை உங்கள் பயணத்தின்மேல் வைத்துப் பாருங்கள். எங்கே போவது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். மகனுக்கு மூன்றாவது ஜோடி காலுறை வேண்டியிருக்கும் என்பது யார் மனதில் உதிக்கிறது? தீப்பெட்டி நனையாமல் இருக்க அதை எதில் சுற்றி வைப்பது? கேஸ் இன்னும் எத்தனை வேளைக்கு வரும்? காய்ச்சல் மாத்திரை எந்தப் பையில்? மழை நின்றதும் யாருடைய துணியை முதலில் காயப் போடுவது? இதெல்லாம் யாருடைய தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதோ அவருக்கு அங்கே லீவு கிடையாது. வீட்டிலாவது குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.

அதனால் 'நான் உதவி செய்கிறேன்' என்று போய் நிற்காதீர்கள். உதவி என்றாலே வேலை அவருடையது என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு என்றால் என்ன சமைப்பது என்று யோசிப்பதிலிருந்து, சாமான் வாங்கி, சமைத்து, கடைசிப் பாத்திரத்தைத் துடைத்து வைப்பது வரை உங்களுடையது. அவரிடம் வந்து "உப்பு எங்கே?" என்று கேட்கக் கூடாது. நீங்கள் மறந்தால் அன்றைக்கு உப்பில்லாமல்தான் சாப்பாடு. ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிட்டு எந்தக் குடும்பமும் கலைந்ததில்லை. பட்டியலை அவர் எழுதிக் கொடுத்து நீங்கள் எடுத்து வைப்பது இந்தக் கணக்கில் சேராது, பட்டியல்தான் பாதி வேலை.

அவர் அங்கே எப்படித் தூங்குகிறார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? பலர் கூடாரத்தை வெறுப்பதற்குக் காரணம் காடு இல்லை, தரை. உடம்புச் சூட்டைத் தரை கீழிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே இரண்டாவது போர்வை போர்த்துவதைவிடக் கீழே ஒரு நல்ல தடித்த விரிப்புப் போடுவது அதிகம் பயன்படும். வெறும் காற்றடைத்த மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்துவிட்டால் இரவெல்லாம் முதுகு ஜில்லென்று இருக்கும். வாங்குவதாக இருந்தால் முதலில் அவருக்கு வாங்குங்கள். அடுத்த வருடத்துக்குப் புது டென்ட் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தள்ளிப் போடலாம்.

இனி மகள். 14 வயதில் "நான் வரல" என்று சொல்வது உங்களை வேண்டாம் என்று சொல்வது இல்லை. எட்டு வயதில் நீங்கள் கூப்பிட்ட இடத்துக்கு வந்தாள், இப்போது தன்னைக் கேட்காமல் போட்ட திட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறாள். அவள் எழுதிய வரியை மறுபடி படித்துப் பாருங்கள். 'டென்ட் ஒழுகியது. நான் தூங்கவே இல்லை.' அந்த நோட்டிலேயே ரொம்ப நேர்மையான வரி அதுவாகத்தான் இருக்கும். எல்லாரும் 'ரொம்ப ஜாலியாக இருந்தது' என்று எழுதினால்தான் அது பாரம்பரியம் என்று நினைத்திருந்தால், அந்த நோட்டு குடும்ப நோட்டு இல்லை, விளம்பர நோட்டீஸ். அவளிடம் போய், "நீ எழுதினது சரி. அன்னைக்கு நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அதோடு எழுந்து வந்துவிடுங்கள். "அப்ப இந்த வருஷம் வர்றியா?" என்று கூடவே கேட்டால் சொன்னதெல்லாம் வீண்.

மூன்று பயணத்துக்கும் அவளை இழுக்காதீர்கள். ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாக வர வேண்டும், மற்ற இரண்டும் அவள் விருப்பம் என்று பேசலாம். வராத நாட்களில் அவள் எங்கே, யாரோடு இருப்பாள் என்பதை மட்டும் நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள், வீட்டில் தனியாக விட வேண்டாம். வருகிற ஒரு பயணத்தை அவளே திட்டமிடட்டும். எந்த இடம், எத்தனை நாள், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லாம். நீங்கள் பணம் இவ்வளவு, தூரம் இவ்வளவு என்று எல்லை சொன்னால் போதும். ஒரு தோழியைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். தனியாகச் சின்னக் கூடாரம் வேண்டும் என்றால் உங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். செல்போன் விஷயத்தில் உங்கள் வீட்டுச் சட்டம் எதுவானாலும் சரி, அது உங்கள் செல்போனுக்கும் பொருந்த வேண்டும். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும் வழக்கத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் அவர்களுக்கு இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. அவளை 4 மணிக்கு எழுப்புவது உங்களை நடுராத்திரியில் எழுப்புவது மாதிரி. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரைக்கும், அப்புறம் பிற்பகலிலும்தான் ஓட்டுகிறவர்கள் அதிகமாகக் கண் அசந்து விபத்து ஆகிறது. அதனால் இது உங்களுக்கும் நல்லதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லாரும் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் கென்னத் ரைட் என்ற ஆய்வாளர் எட்டுப் பேரை ஒரு வாரம் கூடாரத்தில் தங்க வைத்தார். டார்ச், செல்போன் எதுவும் கிடையாது. பகலில் சூரியன், இரவில் கணப்பு நெருப்பு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அவர்களுடைய உடல் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அதுவும் ராத்திரி லேட்டாகத் தூங்கும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் மாற்றம் அதிகம். 2013-ல் வெளிவந்த ஆய்வு இது. ஆக, மகளை எழுப்ப வேண்டியது நீங்கள் இல்லை. முதல் இரண்டு நாள் அவள் தூங்கட்டும். மூன்றாம் நாள் தானாகவே உங்களுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

அப்பா வராமல் களையிழந்து போனதாக நீங்கள் எழுதவில்லை. 'இரண்டு வருடமாக வருவதில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கென்னவோ சரிவு அங்கேதான் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது. மார்ஷல் டூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். உன் அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா, உனக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியுமா, இந்த மாதிரி. தங்கள் குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை அதிகம் இருந்தது. பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் தன்னம்பிக்கை வந்துவிடாது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து, அவசரமில்லாமல், திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் அங்கே விஷயம். உங்கள் வீட்டில் அந்த ஆள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அவரை மறுபடி கூட்டிப் போக முடியுமா என்று பாருங்கள். மூட்டுவலிக்காரர் பலருக்கு நடப்பதைவிடத் தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம். முழங்கால் உயரத்துக்கு மடக்குக் கட்டில் ஒன்று, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி ஒன்று, ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு நாலு எட்டில் போய்வரக் கூடிய உட்காரும் கழிவறை. இந்த மூன்றும் இருந்தால் அவர் இன்னும் பல வருடம் வருவார். கழிவறை விஷயத்தை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீங்களே பார்த்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குள், ஒரே ஒரு ராத்திரி, அவருக்காக ஒரு பயணம். கதைகளில் அவர் ஜெயித்த கதை மட்டும் வேண்டாம், தோற்றதையும் ஏமாந்ததையும் சொல்லச் சொல்லுங்கள். 14 வயதுக்காரி காதைக் கொடுப்பது அதற்குத்தான்.

மகன் எல்லாம் பழையபடி வேண்டும் என்று அடம்பிடிப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அவனுக்குத் தேவை எல்லாம் இல்லை, மாறாத ஒன்றோ இரண்டோ. விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா இருப்பது அருமையான வழக்கம், அதை யாருக்காகவும் விடாதீர்கள். இந்த வருடத்திலிருந்து அதற்கு அவன்தான் பொறுப்பு. எல்லார் டார்ச்சையும் வாங்கி வைப்பது, நேரம் பார்ப்பது, பேசுகிறவர்களை முறைப்பது எல்லாம் அவன் வேலை. கிளம்பும் நேரம் மாறியதை அப்புறம் அவன் பெரிதாக நினைக்க மாட்டான்.

கடைசி நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமன், ஒரு சோதனையில் ஆட்களை 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்கச் சொன்னார். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அதோடு இன்னும் அரை நிமிடம், ஆனால் அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் 15 டிகிரிக்கு ஏறும். எதை மறுபடி செய்ய விருப்பம் என்று கேட்டால் பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தக் கஷ்டம் அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதம். உங்கள் போன வருடப் பயணம் எப்படி முடிந்தது? ஈரக் கூடாரம், எச்சில் பாத்திரம், பத்து மணி நேரம் கார். அதற்கு முந்தைய நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் எல்லார் மனதிலும் நிற்பது அந்தக் கார்தான். திரும்பும் வழியில் பாதி தூரத்தில் ஓர் இரவு தங்குங்கள், கூடாரத்தில் இல்லை, சுவரும் வெந்நீரும் இருக்கும் அறையில். நோட்டை அங்கே வைத்து எழுதுங்கள். பாத்திரம் எதுவும் கழுவ இருக்காது.

எங்கள் வீட்டிலும் ஒரு கூடாரம் இருந்தது. ஒரு ராத்திரி காற்றில் அதன் கம்பி முறிந்து, நாங்கள் ஐந்து பேரும் காருக்குள் சுருண்டு படுத்தோம். அந்தப் பயணத்தில் பார்த்த அருவியை என் கணவர் இன்றைக்கும் வர்ணிப்பார். பிள்ளைகளுக்கு அருவி ஞாபகமே இல்லை. யாருடைய கால் யாருடைய முகத்தில் இருந்தது என்பதில்தான் இருபது வருடமாகச் சண்டை. எனக்கு ஞாபகம் இருப்பது கழுத்துவலி.

இன்னொன்று. ஈரத்தோடு சுருட்டிய கூடாரத்தை வீட்டுக்கு வந்ததும் பிரித்துக் காயப் போட்டதாக நீங்கள் எழுதவில்லை. இன்னும் அப்படியே பரண்மேல் இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். பூஞ்சை பிடித்திருக்கும், உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்து நாறும். வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போட்டுக் கையால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். பூச்சு உரிந்து வந்தால் அந்தக் கூடாரத்தின் காலம் முடிந்தது. உரியவில்லை என்றால், ஒழுகியது பெரும்பாலும் தையல் வழியாகத்தான் இருக்கும். தையலில் பூசும் பசை தனியாகக் கிடைக்கும், ஒரு சாயங்கால வேலை. மகளைக் கூப்பிடாதீர்கள். கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு எந்தத் தையலில் ஒழுகியது என்று தேடிக்கொண்டிருங்கள். அவள் படுத்திருந்த பக்கம் எது என்று அவளுக்குத்தான் தெரியும்.